இடது பக்கத்து எழுபத்தோரு கிலோ

உக்காருங்க சார். அந்த டேப்பை முதல்ல மடக்கி வைங்க. இடது பக்கம் ரெண்டு விரக்கடை தாழ்ந்து கிடக்கு, அதானே? அதை நீங்க அளந்து வேற சொல்லணுமா? கரையில நின்னு பார்த்தாலே தெரியும். பாதிக் கடல்ல போற தோணியைப் பார்த்து, எந்தப் பக்கம் சரக்கு கூடன்னு சொல்லிப்போடுவேன். ஓடாவி வேலை சார் நமக்கு, பரம்பரையா படகு கட்டுற கை. இந்த ரெண்டு விரக்கடை எனக்குத் தெரியாம வந்துருமா? டீ சொல்லட்டா? வேண்டாமா? சரி, எனக்கும் வேண்டாம்.

நீங்க சர்டிபிகேட்ல கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டீங்க. உங்க மேல தப்பில்ல. மெட்ராஸ்ல இருந்து அளவு பார்க்க வந்த ஆபீசரு, கோணலா நிக்கிற படகுக்கு எப்படிப் போடுவீக? சனிக்கிழமை போட்டி. படகோட சொந்தக்காரி டாக்டரம்மா, மதுரையில இருந்து இருபது பேரைக் கூட்டிக்கிட்டு வாறாங்க. ரெண்டு வருஷம் இதுக்காகத் தவம் கிடந்த பொம்பள. பாவம், கண் ஆஸ்பத்திரியில ஆபரேசனை முடிச்சிட்டு எனக்குத்தான் போன் போடுவாங்க. "அண்ணாச்சி, பெயிண்ட் காஞ்சிருச்சா?" பெயிண்டுன்னா அதுவும் சும்மா இல்ல. வெள்ளையிலயே பதினாலு வெள்ளையைக் காட்டி, இதுல எது முப்பத்தேழாம் வருஷத்து வெள்ளைன்னு கேட்டாங்க. எனக்கென்ன தெரியும்? நான் பொறந்ததே அம்பத்தொண்ணு. ஏழாவதைத் தொட்டேன். அதான் இந்த வெள்ளை.

என்னத்தையோ சொல்ல வந்து எங்கயோ போறேன்.

இதுக்குப் பேரு கிட்டி. துரை மக பேரு. இங்க பஞ்சாலையில மேனேஜரா இருந்த துரை ஒருத்தரு ஆசைப்பட்டுக் கட்டுனது. படகோட வரைபடம் சீமையில இருந்து கப்பல்ல வந்துச்சு, தேக்கு பர்மாவுல இருந்து வந்துச்சு, கட்டுன கை மட்டும் எங்க பாட்டா கை. முப்பதடி நீளம், ஏழடி அகலம். சரக்கு ஏத்த ஆகாது. மீன் பிடிக்க ஆகாது. ஓடுறதுக்கு மட்டும். இந்த ஊர்ல ஒரு வேலைக்கும் உதவாம, ஓடுறதுக்குன்னே செஞ்ச சாமான் இது ஒண்ணுதான். துரை ஊருக்குப் போனப்புறம் பஞ்சு பிரஸ் கம்பெனிக்காரங்க வாங்குனாங்க. அந்தக் கம்பெனிக்கு பம்பாய்ல இருந்து பட்வர்தன்னு ஒரு மேனேஜர் வந்தாரு. நல்ல மனுசன். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனா சுக்கானைப் பிடிச்சாருன்னா, காத்து அவருக்குச் சொந்தக்காரன் மாதிரி வரும்.

அவரு சுக்கான். நான் பாய். மூணாவது ஆளு தார்சிஸ்.

தார்சிஸ் என் தாய்மாமன் மகன். எனக்கு மச்சான். சின்னதுல இருந்து ஒண்ணாத்தான் திரிவோம். அவனுக்குப் படகுல என்ன வேலைன்னு கேக்கீங்களா? பாரம். அதான் வேலை. காத்து பலமா அடிச்சு படகு சாயும்போது, எதிர்ப்பக்கம் வெளிய உடம்பைத் தள்ளித் தொங்கணும். அவன் தொங்குனா கிட்டி நிமிந்துரும். அப்படி ஒரு உடம்பு. காத்து குறைஞ்சா, இடது பக்கம் இருக்கிற அந்தப் பலகையில வந்து உக்காந்துக்கிட்டு ஏதாவது பாடிக்கிட்டு இருப்பான். வருசா வருசம் போட்டிக்கு முந்தின நாள் எங்க எல்லாரையும் பஞ்சுப் பொதி நிறுக்கிற தராசுல ஏத்தி எடை போடுவாங்க. நான் அம்பத்தி நாலு. தார்சிஸ் எழுபத்தி ஒண்ணு. "நான் ரெண்டு ஆளுக்குச் சமம்ல"ன்னு தராசுலயே நின்னு ஆடுவான்.

இப்ப ஒண்ணு சொல்லுதேன், உங்க புஸ்தகத்துல இது தப்புதான். காத்து செத்துப்போச்சுன்னா பாரம் படகுக்கு எதிரி. அது உங்களுக்கே தெரியும். அந்தக் காலத்துல என்ன செய்வோம்னா, போட்டிப் பாதைக்கு அடையாளமா போட்டிருக்கிற கடைசி மிதவையைச் சுத்தும்போது காத்து இல்லைன்னா, ஒரு ஆளு சத்தம் போடாம தண்ணியில இறங்கிருவான். மிதவையோட வளையத்தைப் பிடிச்சுக்கிட்டுக் கிடப்பான். சாயந்தரம் மீன் பிடிச்சிட்டுத் திரும்புற வள்ளம் ஏதாவது வரும், ஏறி வந்துருவான். நாங்க மட்டும்னு நினைக்காதீங்க. எல்லாப் படகும் செஞ்சது. நானே ரெண்டு தடவை இறங்கியிருக்கேன். ஒருக்கா இறங்கி, வள்ளத்துல வந்து, படகுக்கு முன்னாலயே கரையில நின்னுருக்கேன். சிரிக்காதீங்க சார். சிரிங்க, பரவாயில்ல.

எழுபத்தி மூணு, மார்ச் மாசம். பட்வர்தன் சாருக்கு அதுதான் கடைசி வருசம், பம்பாய்க்கு மாத்திட்டாங்க. மூணு வருசமா கப்பு கிடைக்கல. போறதுக்குள்ள ஒருக்கா ஜெயிக்கணும்னு மனுசன் தூக்கமில்லாம அலைஞ்சாரு. ரெண்டு மணிக்கு விட்டாங்க. தெக்க இருந்து நல்ல சோழகக் காத்து. தார்சிஸ் வெளிய தொங்குதான், தண்ணி மூஞ்சில அடிக்கி, பாடுதான். கடைசி மிதவைக்கிட்ட வாறோம், காத்து பொத்துன்னு விழுந்துச்சு. மத்த படகெல்லாம் பாதியிலயே விலகிருச்சு; முன்னால ஒரே ஒரு படகு, ரெண்டு படகு நீளம் தள்ளி. கரை ஒரு மைல். பட்வர்தன் சாரு கையைச் சுக்கான்ல இருந்து எடுத்து, பாரமா இருக்குங்கிற மாதிரி சைகை காட்டுனாரு.

அவருதான் கேப்டன். அவரு சொன்னாத்தான் நாங்க செய்வோம். அதை மனசுல வச்சுக்கிடுங்க.

தார்சிஸ் சட்டையைக் கழத்துனான், தொப்பியைக் கழத்துனான், என் கையில கொடுத்தான். இறங்கிட்டான். சத்தமே இல்ல. மீன் இறங்குற மாதிரி. அப்ப கிட்டி லேசா ஒரு துள்ளு துள்ளுச்சு பாருங்க. பாரம் இறங்கின துள்ளு. அது என் உள்ளங்கால்ல இன்னும் இருக்கு சார். காலையில எந்திரிச்சுத் தரையில கால வச்சா முதல்ல அதுதான்.

கரையில நடுவர் துர்பீன் வச்சுத் தலை எண்ணுவாரு. மூணு பேரு கிளம்புனா மூணு பேரு வரணும். அதனால பாய் வைக்கிற பையை நிமித்தி வச்சு, அவன் சட்டையை மாட்டி, தொப்பியைக் கவுத்தி, இடது பக்கப் பலகையில உக்கார வச்சேன். பொழுது சாயுற நேரம். பார்த்தா தார்சிஸ்தான். நான் பாயை இழுக்கும்போது என்னை அறியாம, "ஏல, கொஞ்சம் தள்ளிக்க"ன்னு அதுகிட்ட சொல்லிட்டேன்.

அரைப் படகு நீளத்துல ஜெயிச்சோம்.

வெடி போட்டாங்க, மாலை போட்டாங்க. நான் சட்டையையும் தொப்பியையும் பைக்குள்ள அமுக்கிட்டேன். மூணாவது ஆளு எங்கன்னு கேட்டாங்க. வயித்துவலி, இறங்குன உடனே வீட்டுக்கு ஓடிட்டான்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. தலைமை தாங்குற ஆபீசரு பேசுனாரு, கிளப்பு செக்ரட்டரி பேசுனாரு, பட்வர்தன் சாரு அழுதாரு. போட்டோ எடுத்தாங்க. நடுவுல எந்திரிச்சுப் போனா சந்தேகம் வந்துருமேன்னு உக்காந்திருந்தேன். ஒண்ணரை மணி நேரம். எப்படியும் வள்ளம் ஏத்தியிருக்கும், இந்நேரம் வீட்டுல உக்காந்து சோறு தின்னுக்கிட்டு இருப்பான்னு இருந்தேன்.

வள்ளம் வரலை சார். ஒரு வள்ளமும் கடல்லயே இல்ல. அன்னைக்கு ஞாயித்துக்கிழமை.

எப்பவும் போட்டி சனிக்கிழமைதான் நடக்கும். அந்த வருசம் வர்ற ஆபீசருக்குத் தோதுப்படலைன்னு ஒரு நாள் தள்ளி வச்சாங்க. ஞாயித்துக்கிழமை எங்க சனம் கடலுக்குப் போகாது. காலையில மாதா கோயில்ல பூசை, மத்தியானம் கறிச்சோறு, சாயந்தரம் சீட்டாட்டம். வலையெல்லாம் கரையில கிடக்கும். பொறந்ததுல இருந்து தெரிஞ்ச விசயம். நானே காலையில பூசை கண்டுட்டு வந்தவன்தான். மறந்து போச்சு. போட்டி வெறி. மனுசனுக்கு மறதி வருமா வராதா?

இருட்டுனப்புறம் துடுப்புப் படகை எடுத்துக்கிட்டுத் தனியாப் போனேன். மிதவை ஆடிக்கிட்டு நின்னுச்சு. ஆளு இல்ல. கூப்பிட்டேன். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். ஒரு மைலு நீந்துறது அவனுக்கு ஒண்ணுமே இல்ல சார். ஏன் நீந்தி வரலைன்னு ரொம்ப வருசம் எனக்கு அவன் மேல கோவம். நீரோட்டம் வெளிய இழுக்கிறதுக்கு முன்னால வந்திருக்கலாம்லா? வரமாட்டான். நான் வருவேன்னு பிடிச்சுக்கிட்டே கிடந்திருக்கான், மடையன்.

மூணாம் நாள் தெக்க ஒதுங்குனான். போட்டி முடிஞ்சு குளிக்கப் போனவன்னு சொல்லியாச்சு. எல்லாரும் நம்பிட்டாங்க. அவனோட ரெண்டு உள்ளங்கையும் கிழிஞ்சு கிடந்துச்சு. மிதவையில சிப்பி ஒட்டியிருக்கும்லா, அது. வயித்துவலிக்காரன் எதுக்குக் குளிக்கப் போனான், குளிக்கப் போனவன் கை ஏன் இப்படிக் கிடக்குன்னு யாரும் கேக்கல. அவன் தங்கச்சி ரெஜினா மட்டும் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டே இருந்தா. அண்ணன் கைல்லா, பார்க்கத்தானே செய்வா.

அடுத்த வருசம் ரெஜினாவை நான்தான் கட்டுனேன். அந்தக் குடும்பத்துக்கு ஒரு ஆம்பள வேணும்லா? மாமா, அத்தை ரெண்டு பேரையும் கடைசி வரைக்கும் நான்தான் பார்த்தேன். குறை வச்சேன்னு ஒருத்தன் சொல்லட்டும். ரெஜினாவும் தங்கமான பொம்பள. அம்பது வருசத்துல சண்டைன்னு ஒண்ணு கிடையாது. ஒரே ஒரு கிறுக்கு வழக்கம் மட்டும் உண்டு. நான் எங்க போயிட்டு வந்தாலும், நடையில கால வச்ச உடனே கேப்பா: "எல்லாரும் வந்தாச்சா?" தோணி வேலைக்குப் போயிட்டு வந்தாலும் அதான், காய்கறி வாங்கிட்டு வந்தாலும் அதான். நான் ஒத்த ஆளாத்தான் நிப்பேன். "வந்தாச்சு"ம்பேன். செம்புல தண்ணி தருவா. அண்ணன் போன அதிர்ச்சி, வேற என்ன? அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார். யாருக்கும் தெரியாது. தெரிஞ்ச ஒரே ஆளு பட்வர்தன் சாரு, அவரும் வாயைத் திறக்காம பம்பாய் போய்ச் சேர்ந்துட்டாரு. மேலயும் போய்ச் சேர்ந்துட்டாரு.

அதுக்கப்புறம் கிட்டியை ஓட்ட ஆளில்ல. உப்பு யாவாரி ஒருத்தரு வாங்கி, கொட்டகையில போட்டு, மேல சாக்கை அடுக்கி வச்சிருந்தாரு. நாப்பத்தெட்டு வருசம் நான் அந்தத் தெருப் பக்கமே போகல. சுத்திக்கிட்டுப் போவேன். அப்புறம்தான் டாக்டரம்மா வந்தாங்க. கையில அந்தப் போட்டோ, மாலையோட நானும் பட்வர்தன் சாரும். "அண்ணாச்சி, மூணு பேரு ஓட்டுற படகுல்ல? இன்னொருத்தர் யாரு?"ன்னாங்க. "வயித்துவலி"ன்னேன். அம்பது வருசம் கழிச்சும் வாயில அதுதான் வருது, பாத்துக்கிடுங்க.

வேலையை நான் வேண்டாம்னுதான் சொன்னேன். வேற ஓடாவி அதுல கைய வைக்கிறதை நினைச்சா மனசு கேக்கல. ஒத்துக்கிட்டேன். அடிமரம் கல்லு மாதிரி இருந்துச்சு, உப்பு காப்பாத்தியிருக்கு. ஆணியைத்தான் தின்னு போட்டுருக்கு. விலா மரம் பதினொண்ணு மாத்துனேன். பலகை இடுக்குல எல்லாம் பழைய பஞ்சைச் சுரண்டிட்டுப் புதுசு அடிச்சேன். பாய்மரத்தை மட்டும் கொச்சியில செஞ்சு எடுத்துட்டு வந்தோம். ஒரு குறை சொல்ல முடியாது. இடது பக்கப் பலகைதான் படுத்திருச்சு. எல்லாப் பலகையும் காயுது, அது மட்டும் காயல. காலையில வந்து தொட்டா ஈரம். ஒரு ஆளு குளிச்சிட்டு வந்து உக்காந்து எந்திரிச்ச அளவுக்கு ஈரம். உப்பு ஊறுன மரம், வாடைக்கு வேர்க்கும்னு சொல்லிக்கிட்டேன். புதுத் தேக்கு போட்டேன். அதுவும் வேர்த்துச்சு. அப்புறம் துணியைக் கொண்டுவந்து தினமும் துடைச்சிட்டு வேலையை ஆரம்பிச்சேன். பழகிப் போச்சு. துடைக்கும்போது ரெண்டு வார்த்தை பேசிக்கிடுறதும் உண்டு.

தை மாசம் தண்ணியில இறக்குனோம். நூல் பிடிச்ச மாதிரி நின்னா சார், கிட்டி. ஒரு மயிரிழை சாய்வு இல்ல. எல்லாரும் கை தட்டுறாங்க, டாக்டரம்மா என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. நான் கையை உருவிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டேன். அப்படி லேசா நின்னா. அன்னைக்கு மிதவைக்கிட்ட அவன் இறங்குன உடனே நின்ன அதே நிப்பு. ஆளில்லாத நிப்பு. இந்தப் படகை இப்படியே ஓட விட்டா, அவனை அங்கயே விட்டுட்டு மறுபடியும் கரைக்கு வர்ற மாதிரிதானே? நீங்களே சொல்லுங்க.

வலையில கட்டுற ஈயம் வாங்கினேன். நானே உருக்குனேன், நானே கட்டி ஊத்துனேன். எழுபத்தி ஒண்ணு. கிராம் கூட குறைய வைக்கல. அந்தப் பலகைக்கு அடியில அடுக்கி, மேல ஆணி அடிச்சு மூடிட்டேன். அதான் உங்க ரெண்டு விரக்கடை. ஆமா, நான்தான் வச்சேன். அன்னையில இருந்து அந்தப் பலகை காஞ்சு கிடக்கு. வேணும்னா தொட்டுப் பாருங்க.

போன வாரம் ரெஜினா சோறு கொண்டுக்கிட்டு இங்க வந்தா. எப்பவும் வர மாட்டா. தண்ணிக்குள்ள கிட்டி சாஞ்சு நிக்கிறதை ரொம்ப நேரம் பார்த்தா. "இடது பக்கமா?"ன்னா. "ஆமா"ன்னேன். தூக்குவாளியை வச்சிட்டுப் போயிட்டா. சாயந்தரம் வீட்டுக்குப் போறேன், நடையில கால வைக்கேன், அவ கேக்கல சார். நானும் நின்னு பார்த்தேன். கேக்கல. செம்பைக் கொடுத்துட்டு அடுப்பங்கரைக்குப் போயிட்டா. மறுநாளும் கேக்கல. எழுபது வயசாச்சு, மறதி வந்துருச்சு போல. டாக்டர்கிட்ட காட்டணும்.

என்ன சார் அப்படிப் பார்க்கீங்க?

ஞாயித்துக்கிழமைங்கிறது எப்படி மறந்துச்சுன்னா கேக்கீங்க?

சரி, சொல்லுதேன்.

தண்ணியில இறங்கி, அவன் வளையத்தைப் பிடிச்சுட்டான். நாங்க பத்துப் பாகம், ஒரு அறுபதடி, தள்ளி வந்துட்டோம். அப்ப கூப்பிட்டான். "மச்சான், இன்னைக்கு ஞாயித்துக்கிழமைல்லா! வள்ளம் வராதுல்லா!" சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். நல்லாக் கேட்டுச்சு சார். காத்தில்லாத கடல்ல மெதுவாப் பேசுனாலே கேக்கும். பட்வர்தன் சாரு என்னைத் திரும்பிப் பார்த்து, என்ன சொல்லுதான்னு இங்கிலீசுல கேட்டாரு. அவருக்குத் தமிழ் தெரியாது. நான் சொன்னேன், "ஜெயிச்சிட்டு வாங்கன்னு சொல்லுதான் சார்."

அவரு கையைத் தூக்கி அவனுக்கு டாட்டா காட்டுனாரு. தார்சிசும் காட்டுனான்.

இறங்குன்னு சொன்னதும் அவரு இல்ல. பாரமா இருக்குன்னு மட்டும்தான் சைகை காட்டுனாரு. தார்சிஸ் தோளைத் தொட்டது நான். இதை நான் பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட கூடச் சொன்னதில்ல. உங்ககிட்ட ஏன் சொல்லுதேன்னு எனக்கே தெரியல. அளவு பார்க்கிற மனுசன்கிட்ட அளவைக் குறைச்சுச் சொல்லக் கூடாதுன்னு இருக்கும்.

சரி, பேசியாச்சு. சாயந்தரத்துக்குள்ள படகை நிமித்தணும், இல்லாட்டி சனிக்கிழமை போட்டி கிடையாது. டாக்டரம்மா ரெண்டு வருசக் கனவு. தெரியுது சார், அவங்க என்ன பாவம் பண்ணாங்க? இந்தாங்க உளி, இந்தாங்க ஆணி பிடுங்கி. இடது பக்கம் மூணாவது பலகை. கட்டி கட்டியாத்தான் இருக்கு, வயசுப்பிள்ளை நீங்க, தூக்கிருவீங்க. என்னைக் கூப்பிடாதீங்க. ஒருக்கா நான் அவனை இறக்கிட்டேன். இன்னொருக்கா என்னால முடியாது.